‘பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்’ என்ற வரிக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரமம், சபை, தியான மையம், பயிற்சி நிறுவனம் என்று பெயர் எதுவானாலும் சரி, ஆட்களைத் தன் பிடியில் வைத்திருந்த ஓர் இடத்திலிருந்து யாராவது வெளியே வந்தால் நாளிதழ்களில் செய்தி வருகிறது. போலீசார் போனது, விசாரித்தது, நீதிபதி முன் நிறுத்தியது எல்லாம் விவரமாக இருக்கும். கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘அறிவுரை கூறி பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்.’ செய்தி அங்கே முடிந்துவிடுகிறது. வந்தவருக்கோ பாடு அங்கேதான் ஆரம்பம். முதல் ஒரு வருடத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும், வீட்டார் பாசத்தோடு செய்கிற எது எதிர்விளைவாகப் போகிறது என்று சொல்ல ஆளில்லாததால் திரும்ப உள்ளேயே போய்விடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். தயவுசெய்து சுருக்காமல் வெளியிடுங்கள்.

கடவுள் நம்பிக்கையைப் பற்றி எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒருவர் எத்தனை மணிக்குத் தூங்குவது, என்ன சாப்பிடுவது, சம்பளம் யார் கையில் இருப்பது, அம்மாவிடம் போனில் பேசலாமா, யாரைக் கல்யாணம் செய்வது என்பதையெல்லாம் இன்னொருவர் தீர்மானித்து, ஏன் என்று கேட்டால் பாவம் என்று சொன்னால் அதைத்தான் பிடி என்கிறோம். சாமி பெயரே எடுக்காத சங்கிலி வியாபாரக் குழுக்களிலும் அது உண்டு.

முதல் இரண்டு வாரம் உடம்பைப் பார்க்க வேண்டும். பேச்சு, விசாரணை, அறிவுரை எல்லாம் பிறகு. வருடக்கணக்கில் மூன்று நான்கு மணி நேரமே தூங்கியவர் வீட்டுக்கு வந்ததும் பகலெல்லாம் படுத்துக் கிடப்பார். அதைச் சோம்பேறித்தனம் என்றோ பைத்தியம் என்றோ யாரும் நினைக்கக் கூடாது. கடும் விரதத்தில் இருந்தவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பத்து நாளுக்கு மேல் கஞ்சித் தண்ணீரும் பழமுமாக ஓட்டிய உடம்புக்கு, பாவம் பிள்ளை இளைத்துவிட்டதே என்று முதல் நாளே வயிறு முட்டச் சோறும் இனிப்பும் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் காட்டி இந்த மூன்றையும் பரிசோதித்து, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, சிறிது சிறிதாகத்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். களைப்பு, அழுகை, மறதி என்று மனநோய் போலத் தெரிகிறவற்றில் ஒரு பகுதி ரத்தசோகையாகவும் பி12 குறைவாகவும் இருக்கும்.

‘நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று உள்ளே மருந்தை நிறுத்த வைத்திருப்பார்கள். அந்தப் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய் அதே மாத்திரையை அதே அளவில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தரப்படும் லாமோட்ரிஜின் ஓர் உதாரணம். சில நாட்கள் விட்டுப்போனாலே அதை மிகக் குறைந்த அளவிலிருந்து வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். பழைய அளவிலேயே தொடங்கினால் தோலெல்லாம் கொப்பளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருந்து, எந்த மாதம் நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

அடுத்தது அடையாளத் தாள்கள். உள்ளே சேரும்போது ஆதார், சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அவற்றைக் கேட்டு வாசலில் போய் நிற்பது வீண். பல நேரம் அதுவே திரும்ப உள்ளே அழைக்கும் தூண்டில். ஆதார் எண் நினைவிருந்தால் போதும், கடையில் கைரேகை வைத்துச் சொந்தப் பெயரில் புது சிம் வாங்கலாம். பிறகு ஆதார் மையத்துக்கு நேரில் போய் அந்த எண்ணை இணைக்க வேண்டும். எண்ணே நினைவில்லை என்றால் 1947 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது மையத்திலேயே கேட்கலாம். இங்கே யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வரும். அன்னதானக் கூடத்தில் பத்து வருடம் அண்டா தேய்த்தவரின் விரலில் ரேகை இருக்காது. கருவி திரும்பத் திரும்ப மறுக்கும். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவார், ‘வெளியே போனால் உன்னை உலகம் ஏற்காது’ என்று சொன்னது உண்மையாகிவிட்டதாக. கருவிழிப் பதிவு வைத்துப் பாருங்கள் என்று மையத்தில் கேட்க வேண்டும். கூடப் போகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அழுகையைத் தவிர்க்கலாம்.

மதிப்பெண் சான்றிதழ் போயிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிந்து, கடைசியாகப் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கியிருப்பார்கள். சேர்க்க இ-சேவை மையம். வங்கிக் கணக்கு இரண்டு வருடம் தொடப்படாமல் இருந்தால் செயலற்றது என்று குறித்திருப்பார்கள். நேரில் போய் அடையாளம் காட்டினால் உயிர்ப்பித்துத் தருவார்கள்.

பணத்தில் முதல் நாளே செய்ய வேண்டியது, போகிற ஓட்டையை அடைப்பது. மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் காணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். வங்கியில் எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்ய வேண்டும். போனில் யுபிஐ தானியங்கிக் கட்டணம் இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் எண்களைக் குறிப்பிட்டு ‘பணம் தர வேண்டாம்’ என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைக்க வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தன் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அறக்கட்டளையில் அறங்காவலராகவோ கம்பெனியில் இயக்குநராகவோ பெயரைச் சேர்த்திருப்பதும் உண்டு; பதிவுத் தபாலில் ராஜினாமா அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

சொத்து எழுதிக் கொடுத்தவர்கள் ‘போனது போனதுதான்’ என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 16-வது பிரிவு, ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து அதைப் பயன்படுத்தி ஆதாயம் பெற்றால் அதைத் தகாத செல்வாக்கு என்கிறது. ஒரு முதியவர், மறுமையில் நன்மை கிடைக்கும் என்று நம்பித் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்த வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றம் 1890-லேயே அந்தத் தானத்தைச் செல்லாததாக்கியது. குருவுக்கும் சீடருக்கும் நடுவே இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் நேர்மையாகத்தான் நடந்தது என்று காட்டும் பாரம் குருவின் தலையில்தான் விழும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த இந்த வழியைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்பதுதான் வேதனை. ஆனால் காலக்கெடு உண்டு. ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட, அதற்கான காரணம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான். ‘மனசு சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று இருப்பவர்களுக்கு இந்த மூன்று வருடம் சத்தமில்லாமல் ஓடிவிடும். தான செட்டில்மெண்டைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. பவர் பத்திரம் மட்டும் கொடுத்திருந்தால் ரத்துப் பத்திரம் பதிந்து, பவர் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எது நடந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு.

வெளியேறும்போது ‘என் விருப்பப்படி போகிறேன், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்குவதும் வீடியோ எடுப்பதும் இப்போது பல இடங்களில் நடக்கிறது. கொடுத்துவிட்டு வந்திருந்தால் பயப்பட வேண்டாம். எந்த நாள், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்பதை நினைவு மங்கும் முன் தேதியிட்டு எழுதி, ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.

போனையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கின் மீட்பு எண் யாருடையது, இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். குழுவின் பழைய செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்; பணம் கொடுத்ததற்கும் மிரட்டியதற்கும் அவைதான் சாட்சி. முழுவதையும் ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, எந்த விவாதமும் இல்லாமல் குழுவிலிருந்து வெளியேறினால் போதும்.

மனத்துக்கு வருவோம். வெளியே வந்தவர்களிடம் அடிக்கடி காண்பது ‘மிதந்து போவது’. பேசிக்கொண்டே இருப்பார், பார்வை நிலைகுத்தும், சில நிமிடம் ஆள் இருக்கமாட்டார். சாம்பிராணி வாசனை, பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு பஜனை, உள்ளே எல்லோரும் சொல்லும் ஒரு வணக்கச் சொல், அதிகாலை மூன்றரை மணி என்று ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போய்விடும். மணிக்கணக்கில் ஜபமும் தியானமும் செய்து பழகிய மூளை அந்தத் தடத்தில் தானாக ஓடுகிறது, அவ்வளவுதான். பேய் பிடித்ததும் இல்லை, குரு கூப்பிட்டதும் இல்லை. அந்த நேரத்தில் உலுக்கக் கூடாது, கத்தக் கூடாது. கையில் குளிர்ந்த தண்ணீர் சொம்பைக் கொடுத்து, நாள், நேரம், இடம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்: ‘இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. மணி நாலு பத்து. நான் இருக்கறது அக்கா வீடு, மாடி அறை.’ பிறகு கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயர். அது கடந்ததும் ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு வந்தது, எது கிளப்பியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று மூன்றே விஷயம். நாலைந்து வாரம் எழுதினால் எது எது கிளப்புகிறது என்பது பிடிபட்டுவிடும். தெரிந்தபின் பயம் பாதியாகும்.

மனநல ஆலோசகர்களுக்கு இங்கே ஒரு விண்ணப்பம். பதற்றமாக வருகிறவருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கமான முதல் பாடம். இவர்களுக்கு அதைச் செய்யாதீர்கள். எந்தக் கதவு வழியாக அவரை உள்ளே இழுத்தார்களோ அதே கதவைத்தான் நாமும் திறந்துவிடுகிறோம். ஹிப்னாசிஸும் வேண்டாம். கண் திறந்திருக்க, கால் தரையில் ஊன்றியிருக்க, நடந்துகொண்டே பேசுவது நல்லது. உள்ளே நடந்த கொடுமைகளை முதல் சந்திப்பிலேயே தோண்டுவதும் கூடாது. தூக்கமும் தாள்களும் தங்குமிடமும் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, அந்த அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதை அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது. காயங்களை அதற்கும் பிறகுதான் தொட வேண்டும். வாரம் ஒருமுறை, 45 அல்லது 50 நிமிடம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். ‘எந்த நேரமும் கூப்பிடு, நான் இருக்கேன்’ என்று சொல்லும் ஆலோசகர், தானறியாமல் அடுத்த குருவாகிவிடுகிறார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற போக்சோ சட்டக் கடமையை, அவர் மனம் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு புகார் கொடுத்தால் இன்னொரு துரோகமாகத்தான் அவருக்குத் தோன்றும்.

சொற்களின் பிடி எல்லாவற்றையும்விட நாள்பட்டது. சீனாவின் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற மூளைச்சலவைக்கு ஆளானவர்களை ஹாங்காங்கில் சந்தித்து ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், 1961-ல் அப்படிப்பட்ட அமைப்புகளின் எட்டு அடையாளங்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று, சிந்தனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் அளவுக்குப் பாரம் ஏற்றிய சொற்கள். நம் ஊரில் அவை ‘அகங்காரம்’, ‘கர்மா கழியுது’, ‘மாம்சம்’, ‘பின்மாற்றம்’, ‘நெகட்டிவ் ஆளு’ என்று வரும். நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் உள்ளே சொன்ன சொல், வலப்பக்கம் அன்று உண்மையில் நடந்தது. ‘அகங்காரம்’ என்பதற்கு நேரே, ‘சம்பளம் உண்டா என்று கேட்டேன்’. ‘கர்மா கழியுது’ என்பதற்கு நேரே, ‘காய்ச்சலில் மூன்று நாள் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை’. ஒரு பக்கம் நிரம்பும்போது அவர் முகத்தில் வரும் மாற்றத்தை எந்த அறிவுரையும் கொண்டுவராது.

சாபத்தையும் இப்படித்தான் கையாள வேண்டும். ‘வெளியே போனா ரத்தம் கக்கிச் சாவ’, ‘உன் குடும்பத்துல ஒரு உசுரு போகும்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தாலும், வண்டி சறுக்கி விழுந்தாலும் சாபம் பலித்துவிட்டது என்று நடுங்குவார். சாபத்தை அப்படியே, சொன்ன நாளோடு எழுதி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவருக்கு முன்னால் வெளியே வந்து நலமாக இருக்கிற ஒருவரோடு போனில் பேச வைத்தால் இன்னும் நல்லது. ‘என்னால்தான் இவர்களுக்குக் கஷ்டம், நான் இல்லாமல் போனால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுவதும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார்.

இனி வீட்டாருக்கு. உங்கள் அன்பில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, அந்த அன்பு எடுக்கிற வடிவம்தான் பயமாக இருக்கிறது. ‘இவ்வளவு படிச்சும் எப்படிம்மா ஏமாந்த?’ என்ற கேள்வியை ஒரு வருடத்துக்கு மறந்துவிடுங்கள். படித்தவர்தான், இரக்கமுள்ளவர்தான், ஏதோ ஒரு நல்லதைத் தேடிப் போனவர்தான் அதிகம் சிக்குகிறார். குருவைத் திட்டாதீர்கள், நீங்கள் திட்டத் திட்ட அவர் குருவுக்காக வாதாடத் தொடங்குவார், வாதாடி வாதாடித் தன்னையே மறுபடி நம்ப வைத்துக்கொள்வார். அங்கே அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள், கூடிப் பாடினார்கள், வெள்ளத்தில் போய்ச் சோறு கொடுத்தார்கள். அவை உண்மை. அவற்றை இழந்த துக்கத்தில் அழுதால், செத்த வீட்டில் அழுகிறவரை விடுவதுபோல அழ விடுங்கள்.

‘நீ ஒண்ணும் யோசிக்காத, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்பதும் வேண்டாம். பத்து வருடமாக உடைகூடத் தானாகத் தேர்ந்தெடுக்காத ஒருவர் டீக்கடையில் ‘டீயா, காபியா?’ என்று கேட்டால் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பு தீரும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டுமே தவிர, அவருக்காக நீங்கள் சொல்லிவிடக் கூடாது. முதலில் இரண்டில் ஒன்று, பிறகு மூன்றில் ஒன்று, பிறகு வாரம் ஐந்நூறு ரூபாய் கையில் கொடுத்துக் கணக்குக் கேட்காமல் இருப்பது. மூளைக்கு இதுவும் ஒரு பிசியோதெரபிதான். சாப்பாட்டு விஷயத்தில், சாமி கும்பிடுவதில், உடையில் அவர் இன்னும் அங்கத்துப் பழக்கத்தையே வைத்திருந்தால் விடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது என்பதும் அவர் முடிவு.

மிகப் பெரிய தவறு கல்யாணம். ‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்’ என்று ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தன் விருப்பம் எது என்றே தெரியாத நிலையில் இருக்கிறவர் தலையாட்டிவிடுவார். தலையாட்டத்தான் அவரைப் பழக்கியிருக்கிறார்கள். பிறகு இரண்டு வாழ்க்கை கெடும். மந்திரவாதியிடமும், இன்னொரு சாமியாரிடமும், ‘விடுதலை ஜெபம்’ செய்கிற வேறு சபைக்கும் கூட்டிப்போவது அதே வகைதான். பெருமாள் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ தானாகப் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், நீங்களாக இழுத்துப் போகாதீர்கள்.

பூட்டி வைத்துத் திருத்துவது இன்னொன்று. அமெரிக்காவில் 1970-களில் பிள்ளைகளைக் கடத்தி, அறையில் அடைத்து, நாட்கணக்கில் வாதாடி ‘தெளிய’ வைக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். மனமுறிவும் வழக்குகளுமாகத்தான் அது முடிந்தது. ஜப்பானில் ஒருவரை, அவர் சேர்ந்திருந்த சபையிலிருந்து விடுவிப்பதற்காகக் குடும்பமே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தது. 2008-ல் வெளியே வந்தவர் அதே சபைக்குத்தான் திரும்பினார், குடும்பத்தார் மீது வழக்குப் போட்டு இழப்பீடும் வென்றார். நம் ஊரில் இதையே மனநலக் காப்பகம் என்ற பெயரில் செய்யப் பார்க்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, கடுமையான மனநோயும் ஆபத்தும் இருப்பதாகச் சொல்ல வேண்டும். முதல் முறை முப்பது நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஒரு குருவை நம்புவது மனநோய்ப் பட்டியலில் இல்லை.

உள்ளேயே பிறந்தும் வளர்ந்தும் வந்த பிள்ளைகளின் நிலை தனி. திரும்பிப் போக அவர்களுக்குப் பழைய வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. விராலிமலை அருகே இருந்த ஆசிரமத்தில் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 1997-ல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அதை நடத்திய சாமியார் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது தமிழ்நாட்டுக்கு நினைவிருக்கும். அந்தச் சிறுமிகளில் பலர் இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற குழந்தைகள். அடித்தவரே சோறு போட்டவர், அந்தச் சுவருக்கு வெளியே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ‘அப்பவே ஓடி வந்திருக்கலாமே’ என்று கேட்பவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை சட்டம் நம் பக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளை ஒருநாள்கூடப் பள்ளி போகாதிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டிசி வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதினான்கைத் தாண்டியவர் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். விடுபட்ட தடுப்பூசிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனால் போதும். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வந்த தாய்க்கு ஆட்கொணர்வு மனு வழி உண்டு. பெரியவர் ஒருவர் நீதிமன்றத்தில் ‘விருப்பப்பட்டுத்தான் இருக்கிறேன்’ என்றால் மனு முடிந்துவிடும்; குழந்தை விஷயத்தில் அதன் நலனைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

வேலை தேடும்போது அந்தப் பத்து வருட இடைவெளிக்கு என்ன எழுதுவது என்று தவிப்பார்கள். பொய் வேண்டாம், முழுக் கதையும் வேண்டாம். இருநூறு பேருக்குத் தினம் சமைத்தவர், கொள்முதல் கணக்கு எழுதியவர், ஒலிப்பதிவு செய்தவர் என்று செய்த வேலையை அப்படியே எழுதலாம்.

அரசுக்குச் சொல்ல வேண்டியவை சில. வயது வந்தவரைப் பெற்றோருடன்தான் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; சில நேரம் அவரை உள்ளே கொண்டுபோய் விட்டதே பெற்றோர்தான். ‘எங்கே போக விரும்புகிறாய்?’ என்று காவல் நிலையத்தில் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். பெண்களுக்கு 181 என்ற மகளிர் உதவி எண் வழியாக, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையம் இருக்கிறது, ஆனால் அங்கே தங்கல் ஐந்து நாள்தான். ஐந்து நாளில் ஆதாரில் போன் எண்ணைக்கூட மாற்றி முடிக்க முடியாது. இவர்களுக்காவது அதை அறுபது நாளாக நீட்டித்து, பிறகு வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் முன்பணம் இல்லாமல் இடம் கொடுக்கலாம். ஆண்களுக்கு வீடற்றோர் இரவுக் காப்பகம் தவிர எதுவுமே இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு துணிப்பையோடு வந்து நிற்கிற இளைஞனுக்குப் பேருந்து நிலையத்தில் முதலில் கை நீட்டுகிறவர் பழைய குழுவின் ஆள்தான். ஜப்பான் 2022 டிசம்பரில், பயமுறுத்திக் குழப்பி வாங்கிய நன்கொடையைத் திரும்பக் கேட்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மதத்தின் பெயரால் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமைகளை எப்படி அடையாளம் காண்பது என்று அதே மாதம் வழிகாட்டியும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் முதலில் 14416-இல் பேசுகிறவர்களுக்கும் சகி மையப் பணியாளர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாலே பெரிய உதவி.

கடைசியாக உங்களிடமும் மற்ற ஊடகங்களிடமும் ஒரு கோரிக்கை. வெளியே வந்த முதல் வாரத்திலேயே நேர்காணல் கேட்டு வீட்டு வாசலில் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் சொல்லும் ஒரு தவறான தேதி பின்னாளில் அவதூறு வழக்காக அவர் மேலேயே திரும்புகிறது. ஆறு மாதம் பொறுங்கள். பெயரும் ஊரும் படமும் இல்லாமலேயே செய்தி எழுத முடியும். முன்பு வெளியான படங்கள் இணையப் பதிப்பில் அப்படியே கிடக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் பெயரைத் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. சம்பந்தப்பட்டவர் எழுதிக் கேட்டால் ஒரு வாரத்துக்குள் அந்தப் படத்தை நீக்குவோம் என்று உங்கள் நாளிதழ் அறிவித்து, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெளியே வந்தவர்களுடன் பணியாற்றும் மனநல ஆலோசகர்கள், வழக்கறிஞர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.